நாகபட்டினத்துச் சூடாமணி விகாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து வாலிபர் சங்கத்து மேடையிலே பௌத்தப் பள்ளி ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றோம். தலைப்பைக் கண்டவுடன் சிலர் முகத்திலே தோன்றிய வினாவை நாம் அறியாமலில்லை. பேசுவதற்கு வேறு கோயில் கிடைக்கவில்லையோ என்பது அவ்வினா. அதற்கு விடையாகவே இச்சொற்பொழிவு அமையும்.

நாம் சிறுவயது தொட்டுத் தேவாரம் ஓதி வளர்ந்தவர்கள். ஆளுடைய பிள்ளையார் அருளிய பதிகங்களிற் பத்தாவது பாட்டு வந்துவிட்டால், சமணரும் சாக்கியரும் கண்டிக்கப்படுவதை எதிர்பார்த்தே பாடுவோம். போதிமங்கையிலே புத்தநந்தி வாதுக்கு வந்து வீழ்ந்த கதையைப் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றோம். ஈழத்திலிருந்து சென்ற பௌத்தரைத் தில்லையிலே மாணிக்கவாசக சுவாமிகள் வாதில் வென்ற கதையைப் புராண படனத்திலே கேட்டிருக்கின்றோம். இவற்றையே கேட்டு வளர்ந்த நமக்கு, தமிழ் நாட்டிலே சைவமும் பௌத்தமும் வாதஞ் செய்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. அறுபத்துமூவருள்ளே சாக்கிய நாயனார் என்றொருவர் இருக்கின்றார். சாக்கிய வேடத்தைக் களையாமலே சிவனைத் தொழுதவர் அவர். அவருடைய குருபூசையைச் செய்கின்றோம். ஆனால் அந்த வேடத்தின் பொருள் யாதென்று நின்று சிந்திப்பதில்லை.

வாதங்கள் நடந்தன என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால், வாதங்கள் நடந்த அதே தமிழ் நாட்டிலே, தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்ட ஒரு சக்கரவர்த்தி, தஞ்சையிலே பெருவுடையார்க்கு வானளாவிய விமானம் எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், புத்தர் பெருமானுக்கு எடுக்கப்பட்ட ஒரு விகாரத்துக்கு முழுக் கிராமம் ஒன்றையே இறையிலியாக விட்டான். அந்த விகாரம் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரம். அந்தச் சக்கரவர்த்தி முதலாம் இராசராச சோழன்.

கல்கி அவர்களின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. நோயுற்ற அருள்மொழிவர்மரைப் பிக்குகள் மறைத்து வைத்துக் காப்பாற்றுவது அந்த விகாரத்திலேதான். கதைக்காக ஆசிரியர் காலத்தைச் சற்று முன்தள்ளிக்கொண்டார். விகாரம் எழுந்தது அருள்மொழிவர்மர் இராசராசனாகி முடிசூடிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரேயாகும். அதைக் குறையென்று சொல்ல வரவில்லை. தமிழ் வாசகர் பல்லாயிரவருக்கு அந்த விகாரத்தின் பெயரையாவது அறிவித்தது அக்கதையே. வரலாற்றுப் புத்தகங்கள் அதனைச் செய்யவில்லை.

நாகபட்டினம் நமக்குத் தூரதேசமன்று. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, ஏறக்குறைய 60 கடல்மைல் என்று பத்திரிகைகள் எழுதின. இந்த வழியிலே முற்காலத்திலும் கப்பல்கள் ஓடின. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இத்சிங் என்னும் சீன யாத்திரிகர், தம் நாட்டுப் பிக்குகளின் பயணங்களை எழுதி வைத்தார். அவருள் ஒருவர் கடாரத்திலே கப்பலேறி முப்பது நாளில் நாகபட்டினம் சேர்ந்து, அங்கிருந்து இரண்டே நாளிற் சிங்களத்தீவை அடைந்தார் என்று அதிற் காண்கின்றோம். கிழக்கே சீனம், சாவகம், சுமாத்திரா, தெற்கே ஈழம், இடையிலே காற்று மாறும்வரை கப்பல்கள் காத்துக் கிடக்கும் துறை நாகபட்டினம். வணிகன் வந்து தங்கும் இடத்திலே அவனுடைய தெய்வமும் வந்து தங்கும். நம்மவர் மலாயாவுக்குச் சென்ற காலத்தில் முதலிற் கட்டியது கோயிலையன்றோ!

அவ்வாறே, சுமாத்திராவையும் மலாயாத் தீபகற்பத்தையும் ஒருங்கே ஆண்ட ஸ்ரீவிசய அரசர், தம் குடிகள் சென்று தங்கும் வெளிநாடுகளிலே விகாரம் எடுப்பித்தலை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டிலே பாலபுத்திரதேவன் என்னும் சைலேந்திர குலத்து அரசன் வடக்கே நாளந்தாவில் ஒரு விகாரம் எடுத்தான். அதற்கு வங்காளத்துத் தேவபாலன் ஐந்து ஊர்களை விட்டுக்கொடுத்தான். அக்குலத்திலே பிற்காலத்தில் வந்த சூளாமணிவர்மன் நாகபட்டினத்தில் ஒரு விகாரம் எடுக்க விரும்பினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தந்தையின் பெயராலேயே அதனைக் கட்டி முடித்தான். சூளாமணிவர்ம விகாரம் என்பதே பின்னர்ச் சூடாமணி விகாரம் என வழங்கலாயிற்று.

இவையெல்லாம் எங்கிருந்து தெரியவந்தன? செப்பேடுகளிலிருந்து. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும், லெய்டன் பெரிய செப்பேடுகள் என்றும் அவற்றைக் கூறுவர். சோழர் முத்திரை பொறித்த வளையத்திலே கோத்த 21 ஏடுகள். ஐந்து ஏடுகள் வடமொழி. மீதிப் பதினாறும் தமிழ். வடமொழிப் பகுதி குலப்புகழ் பேசுவது; விகாரத்தின் உயரத்தின் முன்னே பொன்மலையும் சிறுத்தது என்றெல்லாம் அதிலே உயர்வு நவிற்சி வரும். நாம் நிறுத்திப் படிக்கவேண்டியது தமிழ்ப் பகுதியை. அது கணக்கர் எழுதிய எழுத்து. அதிலே அலங்காரமில்லை, ஆகையால் நம்பிக்கை மிகுகின்றது.

இராசராசனுடைய இருபத்தோராம் ஆட்சியாண்டு, தொண்ணூற்றிரண்டாம் நாள். கி. பி. 1005, 1006 என்னும் ஆண்டுகளை ஒட்டியது அது. அரசன் தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் தென்புறத்து மண்டபத்திலே இருந்தான். அங்கிருந்து வாய்மொழியாக ஆணை பிறப்பித்தான்: கடாரத்து அரசன் நாகபட்டினத்தில் எடுப்பிக்கின்ற பள்ளிக்குச் சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாகுக என்று. திருவாய்க் கேள்வியை ஓலையில் எழுதுவோன் எழுதினான், மேலதிகாரிகள் ஒப்பினர், வரிப்புத்தகத்திலே பதிந்தனர், ஊராருக்கு ஓலை போயிற்று. பின்னர் ஒரு பெண் யானையை நடத்தி ஊரெல்லையைச் சுற்றி வந்தனர். கல்லும் கள்ளியும் நாட்டினர். சுற்றியிருந்த ஊரார் இதற்குச் சாட்சி. நிலம் 97 வேலிக்கு மேல். வேலி என்பது நம் முன்னோரின் நில அளவு. ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். ஆண்டுதோறும் அரசனுக்கு வரவேண்டிய 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் இனி விகாரத்துக்குச் செல்லும். ஊருக்குள்ளே கிணறு தோண்டலாம். சுட்ட செங்கல்லால் மாடம் எடுக்கலாம். இன்னின்ன வரி இல்லையென்று நீண்ட பட்டியல் வேறு.

பள்ளிச்சந்தம் என்ற சொல்லைச் சிறிது விளக்குதல் நன்று. சிவன் கோயிலுக்கும் திருமால் கோயிலுக்கும் விட்ட நிலம் தேவதானம். பிராமணருக்கு விட்டது பிரமதேயம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம். மூன்றும் ஒரே அலுவலகத்தில், ஒரே கையால், ஒரே வாசக அமைப்பிலே எழுதப்பட்டன. பள்ளிச்சந்தத்துக்கென்று தனியான சட்டமில்லை. குறைந்த மதிப்பும் இல்லை. சோழப் பேரரசு பௌத்தருக்குக் காட்டியது இரக்கமன்று; தேவதானத்துக்கு எந்த முறையோ அந்த முறையையே காட்டியது. இரக்கம் மாறக்கூடியது. வரிப்புத்தகத்திலே ஏறிய உரிமை அவ்வளவு எளிதில் மாறாது.

அது மாறவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சான்று. இராசராசன் வாய்மொழியாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைநாட்டியவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். தந்தையின் வாக்கைத் தனயன் காத்தான். ஆனால் அதே இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவிலே தன் கடற்படையைக் கடாரத்துக்கு அனுப்பினான். ஸ்ரீவிசயத்தின் துறைகள் பலவற்றை அப்படை வென்றது, அரசனைச் சிறைபிடித்தது. கடாரங்கொண்டான் என்று விருது சூடினான் இராசேந்திரன். இன்றைய உலகின் வழக்கம் நமக்குத் தெரியும். இரு நாடுகளுக்கிடையே போர் மூண்டதும், பகைநாட்டார் நம் மண்ணிலே கட்டியதெல்லாம் பகைப்பொருளாகிவிடும். நாகபட்டினத்திலே அவ்வாறு நிகழவில்லை. போர் முடிந்து அறுபதாண்டுக்கு மேற் கழிந்தபின், 1090ஆம் ஆண்டில், முதலாம் குலோத்துங்கன் காலத்திலே கடாரத்து அரசனின் தூதர் இருவர் வந்து வேண்ட, அப்பள்ளியின் நிலங்களுக்கு வரிவிலக்கு மீண்டும் உறுதி செய்யப்பட்டது. மூன்று ஏடுகள் கொண்ட லெய்டன் சிறிய செப்பேடுகள் அதனைக் கூறும். அதற்குள் அங்கே இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என இரு பள்ளிகள் விளங்கின. பௌத்தப் பள்ளிகளுக்குச் சைவ மன்னர் இருவர் பெயர். அவற்றுள் ஒன்று கடாரத்தை வென்றவனுடைய பெயர்!

கொடை ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. நாகைக் காரோணம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். அக்கோயிற் கல்வெட்டுக்களிலே, ஸ்ரீவிசயத்து அரசனின் முகவர்கள் சிவபெருமானுக்கு அணிகலனும் விளக்கும் சீனக் கனகமும் அளித்த செய்தி இருக்கின்றது. பௌத்த அரசனின் பொன் சிவனுக்கு. சிவபக்தனின் நெல் புத்தருக்கு. அரசியலும் வாணிகமும் இதிற் கலந்திருந்தன என்று நண்பர் சிலர் சொல்லக்கூடும். நாமும் அதை ஒப்புகின்றோம். கப்பல் வரவேண்டும், சுங்கம் பெருகவேண்டும் என்ற எண்ணம் அரசருக்கு இருந்தேயிருக்கும். ஆனால் தன் சமயத்துக்கு இழுக்கென்று அரசன் கருதியிருப்பானாயின், அவனுடைய குருமாரும் குடிகளும் கருதியிருப்பாராயின், சுங்கத்துக்காக மட்டும் இத்தனை காலம் அது நின்றிராது.

அரசரை விட்டுக் குடிகளைப் பார்ப்போம். 1856ஆம் ஆண்டிலே நாகபட்டினத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது, அடியிலே செங்கல்லறை ஒன்றும் அதனுள் ஐந்து புத்த விக்கிரகங்களும் வெளிப்பட்டன. அதிலிருந்து 1930களின் நடுப்பகுதிவரை ஏறக்குறைய 350 வெண்கலப் படிமங்கள் அவ்வூரிலே கிடைத்தன. அவற்றை ஆராய்ந்து தி. நா. இராமச்சந்திரன் அவர்கள் 1954இல் வெளியிட்ட நூல் அறிஞருலகில் நன்கு அறியப்பட்டது. சென்னை எழும்பூர் அரும்பொருட்சாலையிலே அவற்றைக் காணலாம். தலையுச்சியிலே தீச்சுடர் போன்ற முடியுடன் நிற்கும் புத்தரைப் பார்த்தால், தமிழ்க் கைவினையின் தன்மை நமக்குப் புலப்படும். நடராச வடிவத்தை வார்த்த ஸ்தபதிகளின் மெழுகும் மண்ணும் உலையுமே இவற்றையும் வார்த்தன. பீடங்களிலே பொறித்திருக்கும் எழுத்துத் தமிழெழுத்து. ஆகமபண்டிதர் என்ற பெயர் ஒன்றிலுண்டு. வேறொன்று, இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் திருவிழாவுக்காக எழுந்தருளுவித்த படிமம். அக்கசாலை என்றால் பொற்கொல்லர், கன்னார் கூடும் தொழிற்களம். அந்தப் பொறிப்பிலே புத்தர் பெருமானுக்கு வழங்கிய பெயர் ஆழ்வார் என்பது! உற்சவமூர்த்தி, திருவிழா, எழுந்தருளுதல், ஆழ்வார் — கோயிலிலே நாள்தோறும் நம் காதில் விழும் சொற்களல்லவா இவை? கடாரத்தான் கட்டினான் என்பது மெய். அதில் விளக்கேற்றி வணங்கியவருள் தமிழ்க் கொல்லனும் தமிழ்ப் பண்டிதனும் இருந்தனர் என்பதும் மெய். மணிமேகலையைத் தந்த மக்களிடையே இது புதுமையுமன்று. வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர், பெயரே காட்டுகின்றபடி பௌத்தர். நூலின் பெயரோ சோழன் பெயர்.

இத்துணையும் கூறிவிட்டு, சோழரின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. இராசராசனின் படைகள் ஈழத்திலே அநுராதபுரத்தை அழித்தன. 1017ஆம் ஆண்டளவிலே இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டு சென்றது. விகாரங்களை உடைத்துத் தாதுகர்ப்பங்களைத் திறந்து பொற்படிமங்களைக் கவர்ந்தனர் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி மனம் நொந்து எழுதுகின்றது. அது பிக்குகள் எழுதிய நூலாதலால் மிகைப்பட்டது என்று தள்ளிவிடுவார் நம்மவரில் உண்டு. சிறிது மிகை இருக்கட்டும். படையெடுத்த சேனை பொன்னிருக்கும் இடத்தைத் தொடாமற் போயிற்று என்று எந்த நாட்டு வரலாற்றிலும் நாம் படித்ததில்லை. ஆகவே, நாகையிலே ஒரு விகாரத்துக்கு நெல்லளந்த கை ஈழத்து விகாரங்களிலே பொன்னெடுத்தது என்பதை அப்படியே ஏற்கவேண்டும். கிராமம் கொடுத்ததை மட்டும் நாம் எடுத்துக்கொண்டு, கொள்ளையிட்டதைப் பிறர்க்கு விட்டுவிடுதல் வரலாறு கற்கும் முறையன்று. அவர்கள் கொள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு கொடையை மறப்பதும் அவ்வாறே.

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். திருகோணமலை நகருக்கு வடமேற்கே சில கல் தூரத்தில், பெரியகுளத்துக்கு அணித்தாக, வெல்கம் விகாரை இருக்கின்றது. சோழர் வருவதற்கு முன்னரே இருந்த பள்ளி அது. இதனைச் சோழர் அழிக்கவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்று தம் மன்னன் பெயரைச் சூட்டினர். நாகபட்டினத்துப் பள்ளிக்கும் அதே பெயரன்றோ? வெல்காமத்துக் கல்வெட்டுக்கள் தமிழிலே இருக்கின்றன. நந்தாவிளக்கு எரிப்பதற்காக விளக்கும் பசுக்களும் கொடுத்த தமிழரின் பெயர்களை அவற்றிலே படிக்கலாம். சைவப் பேரரசின் ஆட்சியில், ஈழத்துப் பழம்பள்ளி ஒன்றிலே, தமிழ்ப் பௌத்தர் தம் பசுக்களைக் கொடுத்து விளக்கேற்றினர். இதனை எந்தக் கட்சியின் கணக்கிலே எழுதுவது?

பொலன்னறுவையிலே மற்றொரு தமிழ்க் கல்வெட்டு. சோழரை இந்நாட்டிலிருந்து வெளியேற்றிய முதலாம் விசயபாகு எடுப்பித்த தந்ததாதுக் கோயிலை, அவன் இறந்த பின் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்ற செய்தி அது. முகலன் என்னும் மகாதேரர் அழைக்க, அவர்கள் கூடி, உயிருள்ளளவும் காப்போம் என்று உறுதி செய்து கல்லில் வெட்டினர். அக்கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி என்று பெயருமிட்டனர். தமிழ்ப் படை, சிங்கள அரசன் எடுத்த கோயில், புத்தரின் தந்தம், தமிழ்க் கல்வெட்டு. இந்நாட்டுப் பாடநூல்களிலே இரு மொழிப் பிள்ளைகளும் முதலிற் படிக்கவேண்டிய கல்வெட்டு இது என்பது எம் கருத்து.

நாகையின் கதையை முடிப்போம். பள்ளி எவ்வாறு மறைந்தது? அந்நியக் கப்பல்களின் வரவு மாறிற்று, ஸ்ரீவிசயம் தளர்ந்தது, சோழரும் மறைந்தனர், பௌத்தக் குடிகள் சிறுகச் சிறுகக் குறைந்தனர். புத்தரின் பொற்படிமத்தைத் திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து கவர்ந்து திருவரங்கத்து மதில் கட்டினார் என்று வைணவ குருபரம்பரை நூல்களில் ஒரு கதையுண்டு. ஆழ்வார் காலம் சூடாமணி விகாரத்துக்கு முந்தியது. ஆயினும் அக்கதையை மகிழ்ந்து சொன்ன காலத்திலே பள்ளிக்குப் பழைய மதிப்பு இருந்திராது. மரத்தடியிலே அறை கட்டிப் படிமங்களை மறைத்த கைகளும் ஏதோ ஓர் அச்சத்தோடுதான் மறைத்திருக்கும். பர்மாவின் பெகு நகரத்து மன்னன் தம்மசேதி 1476ஆம் ஆண்டிலே இலங்கைக்குப் பிக்குகளை அனுப்பினான். திரும்பும் வழியிலே கப்பலுடைந்து கரையேறிய சிலர் கால்நடையாய் நாகபட்டினம் சேர்ந்து, பழைய பள்ளியின் இடத்தையும், சீன அரசன் எடுப்பித்ததென்று சொல்லப்பட்ட குகையிலிருந்த புத்தரையும் வணங்கினர் என்று கல்யாணிக் கல்வெட்டுக் கூறும்.

அதன் பின் போர்த்துக்கேயர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1781இல் ஆங்கிலேயர் வந்தனர். பள்ளியிருந்த வெளியிலே செங்கற் கோபுரம் ஒன்று மட்டும் நின்றது. ஐரோப்பியர் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். கடலிலிருந்து வருவார்க்கு அது கரையடையாளம். சேர் வால்டர் எலியட் 1846இல் அதனைக் கண்டபோது நாற்சதுரமாய் மூன்று நிலைகளோடு இருந்தது. அவர் எழுதி வைத்திராவிடின் அதன் உருவமும் நமக்குத் தெரிந்திராது.

அங்கே கல்லூரி அமைத்திருந்த யேசு சபைத் துறவிகள், கோபுரத்தை இடித்துக்கொள்ள 1859இல் அரசாங்கத்தைக் கேட்டனர். உடனே இணக்கம் கிடைக்கவில்லை. 1867இல் கிடைத்தது. கோபுரம் இடிந்தது, செங்கற்கள் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்பட்டன. இதைச் சொல்லும்போது சொற்களை அளந்தே சொல்லவேண்டியவர்களாயிருக்கின்றோம். நாம் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். எமக்கு எழுத்தறிவித்தவரிற் பலர் பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும். வரலாற்றைப் படிக்கும் ஆசையை ஊட்டியவர்களும் அவர்களே. ஆயினும் கல்வியின் பொருட்டு இடித்தாலும் இடித்தது இடித்ததே. எண்ணூறு ஆண்டுக்கு மேலாகக் காற்றும் உப்பும் அழிக்காமல் விட்ட ஒன்று, சில வண்டிச் செங்கல்லாகப் போயிற்று. அக்காலத்திலே நாகையின் சைவப் பெருமக்கள் திரண்டு நின்று அதைத் தடுத்தனர் என்று சொல்லத்தக்க செய்தி ஒன்றையும் நாம் படித்ததில்லை. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துக் கடலிலே தள்ளியதை எண்ணி இன்றும் மனம் புழுங்குகின்றோம். காரோணத்துக் கோபுரத்தைத் தொட்டிருந்தால் நாகையே எழுந்திருக்கும். புதுவெளிக் கோபுரம் நம்முடையதன்று என்று நினைத்தபடியால் அது போயிற்று. இராசராசன் நம்முடையதாகவே எண்ணிக் கொடுத்ததை, அவன் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்ட நாம் பிறருடையது என்று விட்டோம்.

செப்பேடுகளின் கதையும் ஏறக்குறைய அதுவே. ஒல்லாந்தர் காலத்திலே அவை கடல் கடந்து சென்று, 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. ஆனைமங்கலத்து வயல்களின் எல்லையைக் கூறும் தமிழ் ஏடுகளுக்கு ஐரோப்பிய நகரமொன்றின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது இதனாலேதான்.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். கந்தரோடையிலே வயல் நடுவில் சிறு சிறு தூபிகள் கூட்டமாய் இருப்பதை நம்மிற் பலர் சைக்கிளிற் போகும்போது பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிக் கேட்டால் இருவகை விடை வரும். பௌத்தச் சின்னம் எங்கிருந்தாலும் அங்கே முன்னர்ச் சிங்களவரே இருந்தனர் என்பது ஒன்று. அப்படிச் சொல்லிவிடுவார்களே என்று அஞ்சி, அது தூபியே அன்று, அதைப் பற்றிப் பேசாதே என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகள்: பௌத்தமென்றால் ஓரினத்தின் சொத்து என்பது அவ்வெண்ணம். இதனாலே இந்நாட்டில் மண்ணை வெட்டும்போது ஒரு செங்கல் வெளிவந்தாலும் அது உறுதிப்பத்திரமாக வாசிக்கப்படுகின்றது. ஊரார் உறக்கமிழக்கின்றனர்; கோயிலுக்குப் போகும் வழியிற் காவலர் வந்து நிற்கின்றனர். அந்த வேதனையை இச்சபையிலுள்ளோர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

நாகபட்டினத்தின் செப்பேடுகள் அவ்விரு விடையையும் ஒருங்கே மறுக்கின்றன. அங்கே விகாரம் எடுத்தவன் சுமாத்திராவான், நெல்லளந்தவன் சைவன், படிமம் வார்த்தவன் தமிழ்க் கொல்லன், தொழுதவர் பல நாட்டார். அதைச் சான்றாகக் காட்டி நாகபட்டினம் எமது என்று சுமாத்திராவான் வந்து கேட்பானாயின் நாம் நகைப்போம். அதே நகைப்பு வேறிடங்களிலும் பொருந்தும். எதிரே வழக்காட வருபவருக்குப் பயந்து நம் முன்னோரில் ஒரு பகுதியினரை மறுத்துவிடுவது, எதிர்வழக்காளி கேட்டதற்கு மேலாக நாமே கொடுத்துவிடுவதாகும். வெல்காமத்திலே பசுக் கொடுத்த தமிழனை நாம் கைவிட்டால் வேறு யார் அவனை ஏற்பார்?

பௌத்தராகுங்கள் என்று யாம் சொல்ல வரவில்லை. திருநீற்றைக் குறைத்துப் பூசுங்கள் என்றும் சொல்லவில்லை. இராசராசன் ஒருபிடி திருநீற்றையும் குறைத்துப் பூசவில்லை. சம்பந்தர் பதிகத்தின் பத்தாம் பாட்டையும் விட்டுவிடாமற் பாடுவோம். அவன் காலத்திலும் அது கோயிலிற் பாடப்பட்டதுதான். பாடிவிட்டு வந்தே அவன் ஆனைமங்கலத்துக்கு ஆணையிட்டான்.

இறுதியாகச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நம்மவர் திருக்கோணேச்சரத்துக்கும் கன்னியாவுக்கும் யாத்திரை செல்வதுண்டு. அடுத்த யாத்திரையிலே அரைநாளை ஒதுக்கி வெல்காமத்துக்கும் செல்ல ஏற்பாடு செய்தல் வேண்டும். காலையிற் சென்றால் வெய்யில் சரிவாக விழும்; கல்லெழுத்துத் தெளிவாகத் தெரியும். சோழர்காலத் தமிழெழுத்தின் அரிச்சுவடி ஒன்றைப் படியெடுத்து, வர விரும்பும் இளைஞர்க்கு முன்கூட்டியே கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். கூட்டம் முடிந்ததும் பெயர்களைக் காரியதரிசியிடம் பதிந்துகொள்ளலாம்.